பின் இருக்கைக்காரருக்கு

நீங்கள் இன்னும் பிறக்கவில்லை.
ஆனாலும் உங்களுக்கு வயது ஐம்பத்திரண்டு என்று
ஒரு கோப்பில் எழுதி வைத்திருக்கிறார்கள்.
இரண்டு கைப்பேசி, லேசான இடுப்பு வலி,
வண்டி ஓட்டத் தெரியும், ஓட்டமாட்டீர்கள்.
உங்கள் முழங்காலுக்காகப் பின்சக்கரங்களை
முப்பத்தெட்டு மில்லிமீட்டர் தள்ளி வைத்தோம்.
கதவைச் சாத்தும்போது நீங்கள் கேட்க வேண்டிய
அந்த ஒற்றைத் 'தொப்'புக்கு
ஐந்து பேர் பதினான்கு மாதம் சம்பளம் வாங்கினார்கள்.
பெட்டகம் மூடுவதுபோல் இருக்க வேண்டும் என்றார் இயக்குநர்.
எங்களில் யாரும் பெட்டகம் மூடியதில்லை.

இருபத்தேழு நாளாக உங்கள் இடத்தில்
நான்தான் உட்கார்ந்திருக்கிறேன்.
சித்திரை. காரைக்குடி. நாற்பத்தொரு டிகிரி.
கறுப்பு வெள்ளைச் சுழிகள் அச்சிட்ட ஒட்டுத்தாளால்
வண்டியின் முகத்தை மறைத்திருக்கிறோம்.
கோட்டையூர் டீக்கடையில் ஒருவர் சுற்றிவந்து பார்த்துவிட்டு
"வரிக்குதிரைக்குக் கல்யாணமா?" என்றார்.
என்ன வண்டி என்று சொல்லக் கூடாது,
கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

மதியம் ஒரு மணிக்குக் கானாடுகாத்தானில்
ஒரே வீட்டின் மதில் முடியாமல் நீளும் தெருவில்
வெயில் பக்கமாகப் பார்த்து நிறுத்துவோம்.
நிழலை விட்டு விலகி வண்டி நிறுத்தும் இரண்டு பெண்களை
ஒரு நாய் மட்டும் விசாரித்தது.
தலை, நெஞ்சு, முழங்கால், பாதம்:
உங்கள் உடம்பு வரப்போகும் உயரங்களில்
வெப்பமானிகள் கம்பியில் தொங்கும்.
மூன்று மணிக்கு உங்கள் நெஞ்சு அறுபத்தாறு டிகிரி.
ஏசியைப் போட்டுக் கடிகாரத்தைப் பார்ப்பேன்,
எத்தனை நிமிடத்தில் நீங்கள் மனிதராவீர்கள் என்று.

எல்லாம் தேறியது. அந்தச் சத்தம் மட்டும்.

இடது பின்கதவு. அறுபத்திரண்டு கிலோமீட்டர் வேகம்.
அறுபதில் இல்லை. அறுபத்தைந்தில் இல்லை.
பள்ளத்தூர்ச் சாலையில்
யாரோ கதவுக்குள் உட்கார்ந்து உச்சுக் கொட்டுவதுபோல்.
சிகப்பிக்குத் தேவகோட்டை, லாரியும் ஓட்டுவாள்.
"இதெல்லாம் ஒரு சத்தமா? எங்க ஊர் பஸ்ல ஏறிப் பாருங்க.
அவருக்கு ஒரு பாட்டைப் போட்டுவிட்டாப் போச்சு."

இல்லை சிகப்பி.
ஒருநாள் அவருக்கு ஒரு போன் வரும்.
பாட்டை நிறுத்தச் சொல்வார்.
பேசி முடித்துக் கண்ணாடி வழியே வெளியே பார்ப்பார்.
அப்போது இது உச்சுக் கொட்டக் கூடாது.

பதினாறாம் நாள் கதவின் உள்தோலைக் கழற்றினோம்.
இருபத்து மூன்று கிளிப், பஞ்சு, ஒயர், ஸ்பீக்கர்.
அடியில் மழைநீர் வடியும் துளையருகே
ஒரு செஞ்சரளைக் கல். மிளகைவிடக் கொஞ்சம் பெரிது.
துளைவழி ஏறியிருக்கிறது,
வந்த வழி மறந்துபோயிருக்கிறது.

துளைக்கு ஒரு ரப்பர் இமை வேண்டும் என்று எழுதினேன்.
தண்ணீர் போகலாம், கல் வரக் கூடாது.
விலை ஒரு ரூபாய் எண்பது காசு.
கூட்டம் ஒன்றே முக்கால் மணி நேரம்.
"செட்டிநாட்டில் எத்தனை வண்டி விற்கும்?" என்றது திரையில் ஒரு குரல்.
சரளை எல்லா ஊரிலும் கிடக்கிறது என்றேன்.
ஒத்துக்கொண்டார்கள்.
பின்கதவுகளுக்கு மட்டும்.

சிகப்பி ஒன்றும் சொல்லவில்லை.
கோப்பைப் புரட்டினேன்.
ஓட்டுநருக்கு வயது போடவில்லை.
இடுப்பு வலியும் இல்லை.

நேற்றிரவு கடைசி ஓட்டம்.
பின்னால் என் மூச்சு எனக்கே கேட்கும் அமைதி.
பள்ளத்தூர் தாண்டி, அறுபத்திரண்டில்
முன்கதவிலிருந்து மெதுவாக ஒரு உச்.
கண்ணாடியில் சிகப்பியின் கண்கள் என்னைப் பார்த்தன.
"கேட்டுச்சா?"
"கேட்டுச்சு."

அடுத்த வாரம் இந்த வண்டியை நசுக்கிவிடுவார்கள்,
முன்மாதிரிகளை விற்பதில்லை.
நான்கு இமை வேண்டும் என்று மறுபடி எழுதியிருக்கிறேன்.
பதில் வரவில்லை.

நீங்கள் பிறந்த பிறகு
போன் எதுவும் வராத ஒருநாள்
முன்னால் வந்து உட்கார்ந்து பாருங்கள்.
அறுபத்திரண்டில்.