கதவு சாத்தும் ஓசை

ஹார்பினில் நவம்பர் முடிவதற்குள் ஆறு உறைந்துவிடும்.
ரூயிங் ஐந்தரைக்கு எழுந்து
காலுறைமேல் காலுறை மாட்டிக்கொண்டு
பூங்காவுக்குப் போவாள்.
அப்போதெல்லாம் கதவை அறைந்து சாத்துவாள்,
மூன்றாம் மாடி நாய் குரைக்கும்.
அதில்தான் எனக்கு விழிப்பு.

முதல் வருடம் முழங்கால் வலி,
வேறொன்றும் இல்லை.
படுக்கையெல்லாம் தைல வாசனை.
"நூற்றெட்டு அசைவு, பதினொன்று வந்திருக்கிறது" என்றாள்.
பன்னிரண்டாவதைப்
பல் துலக்கும்போதும் பேருந்து நிறுத்தத்திலும்
தேடிக்கொண்டிருந்தாள்.
ஒருநாள் கரண்டியும் கையுமாக
வெண்கொக்கு சிறகை விரித்தது,
சூப் என் சட்டையில்.

வெப்பக் கம்பெனியில் புகார் சன்னல் அவளுக்கு.
குழாய் சில்லிட்டுக் கிடக்கிறது, பிள்ளை நடுங்குகிறது என்று
ஊரே வந்து கத்தும்.
இவளும் கத்துவாள்.
தீராத மிச்சத்தைப் பொட்டலம் கட்டி
வீட்டுக்குக் கொண்டுவருவாள்,
சுடச்சுட எனக்கு.

நான்காம் வருடமோ ஐந்தாம் வருடமோ,
ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை,
ஊறுகாய் முட்டைக்கோஸ் ஜாடியின் கல்லைத் தூக்கியபடி சொன்னாள்:
"இன்று ஒருவன் கண்ணாடியைக் குத்த வந்தான்.
நான் மூச்சை விட்டேன், அவ்வளவுதான்.
ஓங்கிய கையை எங்கே இறக்குவதென்று தெரியாமல் நின்றான்.
பிறகு
உட்கார ஒரு நாற்காலி கேட்டான்."
கல்லைக் கீழே வைத்தாள்.
முனகவில்லை என்பதை அப்புறம்தான் கவனித்தேன்.

என்னால் பொறுக்க முடியவில்லை.
அன்றிரவு, என் தம்பிக்குக் கொடுத்த பணத்தைப் பற்றி
நானே ஆரம்பித்தேன்.
பத்து வருடத்துச் சண்டை அது.
அதன் படிக்கட்டு எனக்கு அத்துப்படி,
இருட்டிலும் இறங்குவேன்.
இறங்கினேன்.
கடைசிப் படி இல்லை.

"நீ சொல்வதில் பாதி சரி" என்றாள்.
எந்தப் பாதி?
"நாளைக்குச் சொல்கிறேன்."
தூங்கிவிட்டாள்.
நான் கிடந்தேன், ஓங்கிய கையோடு,
நாற்காலி கேட்கவும் வெட்கமாக.

ஞானி ஆகிவிட்டாள் என்று நினைத்துவிடாதீர்கள்.
மாஜோங்கில் இன்னும் கள்ளாட்டம்தான்.
அக்காவின் தொலைபேசியை இன்னும் எடுப்பதில்லை.
கடைக்காரன் தராசை
இன்னும் இருமுறை பார்ப்பாள்,
ஆனால் சிரித்துக்கொண்டு.

மறந்துபோன கையுறையைக் கொடுக்கப் போனேன் ஒருநாள்.
பனிப்புகையில் இருபது பேர்.
நடுவில் இவள்.
இவளுக்கு முன்னால் நீலத்தொப்பி ஒருவர்.
ஒன்பது வருடம் அந்த முதுகைப் பார்த்துத்தான் கற்றாளாம்,
பெயர் தெரியாதாம்.
பாதியில் எல்லோரும் திரும்பினார்கள்.
பின்னால் நின்றவர்களுக்கு
இப்போது இவள்தான் முதுகு.
இருபத்தாறு வருடம் முகத்தோடு வாழ்ந்தவன்
அந்த முதுகை அன்றுதான் பார்த்தேன்.
கூப்பிடவில்லை.
கையுறையை என் கையிலேயே மாட்டிக்கொண்டேன்,
விரல் பாதிதான் போயிற்று.

இந்தக் குளிர்காலம் நீலத்தொப்பி வரவில்லை.
ஏனென்று யாரும் கேட்கவில்லை,
அந்த இடத்தில் யாரும் நிற்கவும் இல்லை.
காலியான அந்த இரண்டடிப் பனியைப் பார்த்தே
இவள் காலை எடுத்து வைக்கிறாள்.
பிசகுவதில்லை.

கதவு சாத்தும் ஓசை இப்போது கேட்பதே இல்லை.
ஐந்தரைக்கு
அந்த ஓசையின்மையில் திடுக்கிட்டு விழித்துக்கொள்கிறேன்.
மூன்றாம் மாடியில் நாயும்
எழுந்து உட்கார்ந்து
கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறதாம்.