மூன்றாம் எண்

பாஸே. இரவு இரண்டு மணி.
ஹர்மட்டான் காற்று ஜன்னல் வலையில் தன்னைச் சலித்து
சகாராவில் ஒரு சிட்டிகையை
என் மேசையில் வைத்துவிட்டுப் போகிறது.

தட்டைத் திறக்கிறேன்.
இதிலுள்ள சிவப்பு பின்கட்டு ஆட்டினுடையது.
செவ்வாய்க்கிழமை ஊசியில் எடுத்தபோது முறைத்தது.
அதன்மேல் பாசிபடிந்த தேமல்கள்,
எண்ணெய் சிந்தியதுபோல் வழவழப்பாய்.
லான்சனாவின் இரத்தத்திலிருந்து முளைத்தவை.
வயது பதினான்கு மாதம்.
ஆற்றுக்கு அக்கரை ஊர்.
வார்டில் படுத்து
விலாவெல்லாம் உள்ளே குழிய
மூச்சை இழுத்துக்கொண்டிருக்கிறான்.

யார் நீ என்று கேட்கும் முறை எளிது.
அவற்றில் ஒரு சொட்டு, சீரம் ஒரு சொட்டு.
தன்னை அறிந்த எதிர்ப்பொருள் பட்டதும்
உறை பொம்மென்று உப்பும்,
சந்தைக் கூட்டத்தில்
பெயர் கேட்டுத் திரும்பிவிடும் ஆள்போல.

பதினான்கே என்றேன். அசையவில்லை.
பத்தொன்பதே.
ஒன்றே.
மூன்றே.

உப்பியது.

உனக்குத்தானே ஊசி போட்டோம்?
அட்டையில் மூன்று முத்திரைகள்;
மழைக்கு நனையாமல் பிளாஸ்டிக் உறையிலிட்டு
மார்பில் செருகி வந்திருந்தாள் நியீமா.
வெறும் சர்க்கரையைப் பச்சை உடம்பு
ஒரு பொருட்டாய் மதிக்காதென்று
புரதத்தோடு முடிச்சுப்போட்டுக் கொடுத்தோம்.
மதித்தது. படித்தது. ஆள் திரட்டியது.
வந்தது பதினான்காக இருந்திருந்தால்
வாசலோடு போயிருக்கும்.
இதுவோ
சட்டையைப் பிடித்தால்
சட்டையைக் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டு
நழுவுகிற ரகம்.
அவன் நுரையீரலில் இப்போது
ஒரு படையே நிற்கிறது
காலிச் சட்டைகளைக் கெட்டியாய்ப் பிடித்தபடி.

இன்னொரு தட்டும் இருக்கிறது,
பதிவேட்டில் இல்லாதது.
முந்தாநாள், ஏனென்று தெரியாமல்
என் மூக்கில் நானே விட்ட பஞ்சுக்குச்சி.
அதே வழவழப்பு.
கேட்காமலே தெரிந்தது, ஆனாலும் கேட்டேன்.
மூன்றே.
உப்பியது.

எனக்கொரு தும்மல்கூட இல்லை.
எத்தனை நாளாய்க் குடியிருக்கிறதோ,
வாடகையும் தராமல், ஓட்டையும் உடைக்காமல்.
என் உடம்பு அதனிடம் என்ன பேசி முடித்தது
என்பதை எந்தச் சீரமும் சொல்லாது.

பெனிசிலின் வில்லையைச் சுற்றி
நல்ல அகலமாய் ஒரு வட்டம், ஒன்றும் முளைக்காமல்.
வார்டுக்குத் தொலைபேசினேன்.
"அதைத்தான் சாயங்காலத்திலிருந்து ஏற்றுகிறோம்" என்றார் செவிலியர் டார்போ.
"மூச்சு?"
"அறுபதிலிருந்து ஐம்பத்திரண்டு."

தாளை நேரில் கொடுக்க வேண்டும்.
எழுந்து
இழுப்பறை ஒவ்வொன்றாய்
முகக்கவசம் தேடுகிறேன்.