தாங்கும் அளவு

நேற்றிரவு பத்து மணிக்குப் பிறகு
பச்சைத் தண்ணீர் மட்டும்.
காலையில் ஒரு குத்து.
பிறகு பிளாஸ்டிக் கோப்பையில் சீனித் தண்ணி.
"ஒரே மூச்சில் குடிங்க காக்" என்கிறாள் மிசி ரோஸ்னா,
"வாந்தி வந்தால் இன்னொரு நாள், முதலிலிருந்து."

குடித்துவிட்டேன்.
உருகிப்போன ஐஸ் மிட்டாய்களின் அடியை எல்லாம்
ஒன்றாய் வழித்துக் கொடுத்தது மாதிரி.
நாக்கு பல்லில் ஒட்டிக்கொண்டது.
ஜெலுத்தோங் கிளினிக்கின் நீல நாற்காலியில்
இனி இரண்டு மணி நேரம். நடக்கக் கூடாது.

உள்ளே இருப்பவனுக்கோ இருப்பவளுக்கோ
அந்தத் தடை கிடையாது போல.
ஐந்தாவது நிமிடமே
விலா எலும்பில் ஒரு காவடி.

பாயான் லெப்பாஸில்
பதினொரு வருடமாக நுண்ணோக்கியில் கண் வைத்துச்
சில்லுகளைப் பிரிக்கிறவள் நான்.
நகத்தில் பாதிகூட இருக்காது.
ஒரு கீறல், ஒரு தூசி,
கோட்டுக்கு இந்தப் பக்கம் என்றால் பாஸ்,
தாண்டினால் சிவப்புத் தட்டு.
எந்தச் சில்லிடமும் ஒருநாளும்
"நேற்று என்ன தின்றாய்?" என்று கேட்டதில்லை.

மாமி கேட்டார்.
"எங்கள் பக்கம் யாருக்கும் இனிப்பு நீர் இல்லையே."
எங்கள் பக்கம் இருந்தது.
அப்பாவின் இடது கால் கட்டைவிரலை
எடுத்துக்கொண்டு போனது.
நான் சொல்லவில்லை.

இரவு ஷிப்ட் முடிந்து குடித்த தே தாரிக், எத்தனை?
தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலில் ரோஜாப் பால்,
மூன்று, இல்லை, நான்கு.
மசக்கையில் எதுவும் தங்காத நாட்களில்
தங்கிய ஒரே பண்டம்
சோளம் போட்ட ஆப்போம் பாலிக்.
வயிறு ஏற்றுக்கொண்டதென்று
சந்தோஷப்பட்டோமே,
அதற்கா இந்த பில்?

தின்றதால் வருவதில்லை என்றார் டாக்டர்,
நஞ்சுக்கொடி பார்க்கிற வேலை என்றார்.
ஊட்டுகிற கொடிக்கு நஞ்சென்று பேர் வைத்தவர்கள்
ஏதோ தெரிந்துதான் வைத்திருக்கிறார்கள்.

குணாளன் பக்கத்தில்.
"நீ சாப்பிடாமல் நானும் சாப்பிடலை" என்கிறான்.
சட்டைக் காலரில் சம்பால் வாசம்,
மீசையில் ஒரு நெத்திலி வால்.
நான் துடைத்துவிடுகிறேன்.
அவன் போனைப் பார்த்தபடி,
"பேரீச்சை ஆகுமா? சிவப்பரிசி?
வளைகாப்புக்கு ஏழு சோறு சொல்லியாச்சே, லோகா,
சர்க்கரைப் பொங்கலை மட்டும் மாற்றலாமா?"

எதிர் நாற்காலியில் சியூ லிங், இரண்டாவது பிள்ளை.
அவள் சிவப்புப் புத்தகத்தின் மேல் ஏற்கெனவே
மஞ்சள் ஒட்டி.
மலாயில் சொல்கிறாள்:
மூத்தவனுக்கு ஒரே நாளில் ஏழு குத்து.
என் கையை இழுத்து
மோதிர விரலின் ஓரத்தைத் தொட்டுக் காட்டுகிறாள்.
"இங்கே. நடுவில் வேண்டாம், வலிக்கும்."
இத்தனை வாரங்களில்
எனக்குக் கிடைத்த ஒரே உருப்படியான தகவல்.

ஏழாம் மாதம், ஏழு சோறு, ஏழு குத்து.
சிரிப்பு வந்தது.
கொஞ்சம் குமட்டலும்.

"புவான் லோகேஸ்வரி!"
ஓரத்தில் குத்தச் சொன்னேன்.
ரோஸ்னா நிமிர்ந்து பார்த்தாள்,
பிறகு, "ரத்தம் நரம்பிலிருந்துதான் எடுக்கணும் காக்,
விரலுக்கு இன்னும் வேளை வரலை" என்றாள்.
ரிசல்ட் திங்கட்கிழமை.

திங்கட்கிழமைக்கு முன்னால்
ஒரு வெள்ளி இருக்கிறது, சனி, ஞாயிறு இருக்கிறது.
மூன்று ராத்திரி
கோட்டின் எந்தப் பக்கமும் இல்லாமல்
நான் படுத்திருக்க வேண்டும்.
சில்லுகளும் இப்படித்தான் தட்டில் கிடந்திருக்கும்,
ஷிப்ட் மாறுகிற நேரத்தில்
நான் மூடி வைத்துவிட்டுப் போனபோது.

வெளியே வெயில்.
மூலைக் கடையில் உட்கார்ந்தோம்.
குணாளன் எனக்காகப் பயந்து பயந்து
இரண்டு அவித்த முட்டை சொன்னான்.
"குடிக்க?" என்றார் கடைக்காரர்.
"கோப்பி ஓ. கோசோங்."
"கோசோங்?" என்று கேட்டவர்
ஆறு மாத வயிற்றை ஒருமுறை பார்த்தார்,
காலியென்றும் அர்த்தமுள்ள அந்தச் சொல்லைத்
திரும்ப ஒருமுறை சொல்லிச் சிரித்தார்.

கோப்பி கசந்தது.
உள்ளே, கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு,
மறுபடி ஓர் உதை.