நூற்றிருபது நிமிடம்

இரண்டாம் முறை எழுதப்போகிறேன் என்று
யாரிடமும் சொல்லவில்லை.
பாலக்கோடு அரசு மருத்துவமனை டியூட்டி அறையில்
கட்டிலுக்கடியில் ஒரு குளுக்கோஸ் அட்டைப்பெட்டி.
அதற்குள் வால்வுகள், மர்மர்கள்,
மூன்று நிறத்தில் கோடிட்ட கரோனரிகள்.
எஸ்தர் சிஸ்டருக்கு மட்டும் தெரியும்.
டீ கொண்டு வந்தால்
திறந்த பக்கத்தை விட்டுத் தள்ளி வைப்பார்.

மாதப்பன் வந்தது விடிகாலை நாலு இருபதுக்கு.
தக்காளி மண்டியில் பெட்டி ஏற்றுகிறவர், வயது முப்பத்தெட்டு.
"வாயுதாங்க. சோடா குடிச்சும் ஏப்பம் வரல."
சட்டையில் பழச்சாறு காய்ந்திருந்தது.
ஒரு கணம் ரத்தமென்று நினைத்துவிட்டேன்.

இ.சி.ஜி. தாள் வரவர
வி ஒன்று முதல் நான்கு வரை
கோடு எழுந்து, இறங்க மறந்து நின்றது.
பாடநூல் அதைக் கல்லறைக் கல் என்கிறது.
கிரானைட் லாரிக்குப் பின்னால்
பள்ளிக்கூட பஸ்ஸில் போனவள் நான்,
கல் எவ்வளவு கனமென்று தெரியும்.

"பதினைந்து லட்சம் யூனிட், ஒரு மணி நேரத்துல போகட்டும்."
சிஸ்டரிடம் சொன்னது அவர் மனைவி காதில் விழுந்து
வளையலைக் கழற்ற ஆரம்பித்தாள்.
"பதினஞ்சு லட்சத்துக்கு எங்கங்க போவேன்?"
"காசு இல்லம்மா, மருந்தோட அளவு."
கழற்றியதைத் திரும்பப் போடாமல்
கையிலேயே வைத்திருந்தாள்.

மருந்து முடிந்தும் கோடு இறங்கவில்லை.
சேலம் தொண்ணூறு கிலோமீட்டர்.
தர்மபுரி தாண்டியாச்சு என்றார் ஆம்புலன்ஸ் திம்மராயன்.
தொப்பூர் இறக்கத்தில் டிரெய்லர் கவிழ்ந்து கிடக்கு என்றார்.
பிறகு வெகுநேரம் பேச்சில்லை.
பிறகு:
"ஓமலூர் வரல மேடம்."
ஊர்தான் இன்னும் வரவில்லை என்று
புரிந்துகொண்டு,
"சரி, வந்ததும் சொல்லுங்க" என்றேன்.

எட்டு வாரம் கழித்துத் தேர்வு.
கேள்வி அறுபத்தொன்று:
முப்பத்தெட்டு வயது ஆண், நெஞ்சுவலி நான்கு மணி நேரம்,
அடைப்பைத் திறக்கும் மையம்
நூற்றிருபது நிமிடத்துக்குள்.
அடுத்து என்ன செய்வீர்கள்?
அவருக்குப் பெயர் இல்லை. கறை இல்லை. மனைவி இல்லை.
கேள்வியில் தொப்பூர் இல்லை.
மூன்றாவது வட்டத்தைத் தொட்டேன்.
சரியான விடை. நான்கு மதிப்பெண்.

அப்பா போனில் கேட்டார்,
"கார்டியாலஜிதான் வேணுமா? தூங்க விடமாட்டாங்களாமே."
இப்போது தூங்குகிறேனா என்று
அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

விருப்பப் பட்டியலில் ஊர்களை மேலும் கீழும் நகர்த்தினேன்.
சென்னை, மதுரை, கோவை, மறுபடி சென்னை.
பாலக்கோடு அதில் இல்லை.
எதிர்பார்க்கவும் இல்லை, இருந்தும் தேடிப்பார்த்தேன்.
மூன்று வருஷத்தில் இந்தக் கைகள்
மணிக்கட்டு வழியே கம்பி நுழைத்து
அடைப்பைத் திறக்கக் கற்றிருக்கும்.
கற்ற கைக்கு ஒரு மேஜை வேண்டும்,
மேலே சுழலும் எக்ஸ்ரே கண் வேண்டும்.
அவை எங்கே இருக்கின்றனவோ
அங்கேதான் போடுவார்கள் என்னை.
ஆக, கணவாய்க்கு அந்தப் பக்கம்
யாரோ வந்து சேர வேண்டிய இடத்தில்
கையுறையோடு நின்றுகொண்டிருப்பேன்.
படித்து வாங்கியது
இந்தத் தூரத்தின் இன்னொரு முனையை.

அட்டைப்பெட்டியை சிஸ்டர் கயிறு போட்டுக் கட்டித் தந்தார்.
திம்மராயன் பஸ் ஸ்டாண்டு வரை வந்து
என்னிடம் ஏற்கெனவே இருக்கும் நம்பரை
மறுபடி ஒருமுறை சொன்னார்.
"ராத்திரி எந்நேரம் அடிச்சாலும் எடுங்க மேடம்."
எடுக்கிறேன் என்றேன்.
பஸ் தொப்பூரில் இறங்கும்போது
யாரும் அழைக்கவில்லை,
போனைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.
சிக்னல் இரண்டு இடத்தில் போய்வந்தது.
எந்த வளைவுகள் என்று குறித்துக்கொண்டேன்.