நிறுத்திவைத்தது ஒன்று

சைதாப்பேட்டை கோர்ட்டுக்கு எதிர்வரிசையில்
ஆறுக்கு எட்டு கடை.
ஞாயிற்றுக்கிழமை ரிச்சி தெருவிலிருந்து வந்த இர்ஃபான்
பழைய விண்டோஸை வழித்துப் போட்டுவிட்டு
லினக்ஸ் ஏற்றிக் கொடுத்தான்.
"வைரஸ் வராதுக்கா. காசும் கேக்காது.
அப்டேட் மட்டும் கேக்கும். குடுத்துடுங்க."

திங்கட்கிழமை ஷட்டரைத் தூக்கியதும் கேட்டது.
நானூற்றுப் பதினேழு.
நேற்றுப் பிறந்ததற்கு
இன்றைக்கே இத்தனை பழசா?
பென்டிரைவில் அவன் அடைத்தது சித்திரையில்.
இப்போது ஐப்பசி.

'நாளை நினைவூட்டு' என்று ஒரு பொத்தான் இருந்தது.
இந்த ஊரில் எல்லா ஆபீஸ் மேஜையிலும் இருக்கிற பொத்தான்
முதல்முறை என் விரலுக்குக் கிடைத்தது.
அழுத்த நன்றாகத்தான் இருந்தது.

சகாயராணி என்பதும்
சகாய ராணி என்பதும்
ஒரே ஆள்தான் என்று
ஓர் இடைவெளிக்காகச் சத்தியம் செய்ய வந்தவருக்கு
அஃபிடவிட் அடித்துக்கொண்டிருந்தேன்.
மூலையில் எண் ஏறியது.
நானூற்று முப்பத்தொன்று.

போன் டேட்டா ஒன்றரை ஜிபி
மத்தியானமே தீர்ந்தது.
பன்னிரண்டு மணிக்குப் புதிதாய் ஊறும்.
பாதி ஷட்டர் இறக்கிக் காத்திருந்தேன்.
கடைசி வண்டி தாம்பரம் போனது.
மழைக்கு முன்னால் வரும் ஆற்று நாற்றம். கொசு.
இர்ஃபான் பில்லின் பின்பக்கம் எழுதிக் கொடுத்திருந்த வரியை
எழுத்துக் கூட்டி அடித்தேன்.

திரை கேட்டது:
கோமதிக்கான கடவுச்சொல்.

கோமதியா?

பெயர் என்ன என்று அவன் என்னைக் கேட்கவே இல்லை.
அண்ணாந்து போர்டைப் பார்த்து அடித்திருக்கிறான்.
கோமதி டைப்பிங், ஜெராக்ஸ், லேமினேஷன்.
இரண்டு பேர் பணம் போட்ட கடை.
எழுத்துக்கு இவ்வளவு என்று பெயிண்டர் கணக்குச் சொன்னதில்
தமயந்தி தோற்றாள்.
ஆடியில் ஆவடிக்குப் போய்விட்டாள் கோமதி.
பதினெட்டாயிரம் பாக்கி,
யார் யாருக்கு என்பது மட்டும் பைசலாகவில்லை.

கடவுச்சொல் என்னுடையதுதான். அடித்தேன்.
இந்தப் பெட்டியில் அடிப்பது தெரியாது,
ஒரு நட்சத்திரம்கூட விழாது.
நம்பி அடிக்க வேண்டும்.
தொடரவா என்றது. ஆம் என்றேன்.

வாயில் நுழையாத பெயர்கள் வரிவரியாய் ஓடின.
எந்தெந்த ஊரிலோ உட்கார்ந்து
யார் யாரோ திருத்திய தப்புகள்
சைதாப்பேட்டை வரை வந்து இறங்கின.
அறுபத்திரண்டு சதவீதத்தில் கரண்ட் போனது.

யு.பி.எஸ். கத்த ஆரம்பித்தது.
அதற்குப் பன்னிரண்டு நிமிஷ உயிர்.
மானிட்டரை அணைத்தேன், ஏதோ கொஞ்சம் மிச்சமாகட்டும்.
பாதியில் நின்றால் எழுந்திருக்காது என்று சொல்லியிருந்தான்.
இருட்டில் ஒரு சின்ன விளக்கு துடிப்பதை
எண்ணிக்கொண்டிருந்தேன்.
கரண்ட் வந்தது முந்தியா, வேலை முடிந்தது முந்தியா,
தெரியாது.
மானிட்டரைப் போட்டபோது
வரிகள் நின்றிருந்தன.

காலையில் எல்லாமே புதுசு.
பிரிண்டர் மட்டும் ஊமை.
"பழைய டிரைவர்தான் அதுக்குப் புரியும்கா" என்றான் போனில்.
"பழசையே போட்டு ஹோல்டு பண்ணிடுங்க.
ஊரே மாறினாலும் அது மாறாது."
பதினோரு மணிக்குள் செய்தேன்.
அதற்குள் நாலு பேர்
பக்கத்துக் கடைக்குப் போய்விட்டார்கள்.

இப்போது தினமும் சாயங்காலம் பார்க்கிறேன்.
ஏழு இருக்கும், எட்டு இருக்கும்.
கொடுத்துவிடுகிறேன்.
கடைசி வரி மட்டும் அப்படியே வருகிறது:
நிறுத்திவைத்தது ஒன்று.

பெயரையும் மாற்றலாமாம், அஞ்சு நிமிஷ வேலையாம்.
போர்டையும் சேர்த்தா என்று கேட்டேன்.
இர்ஃபான் சிரித்தான்.

நேற்று ஒருவர் குடையை மடக்கியபடி
"கோமதி மேடம்தானே?" என்றார்.
எத்தனை காப்பி என்றேன்.