இருபத்தைந்தடி

எரிந்துபோன வீட்டின் மனை அது.
ஒன்பது வருடமாக யாரும் வாங்கவில்லை.
இந்தப் பக்கம் ஒரு வீடு, அந்தப் பக்கம் ஒரு வீடு,
நடுவில் பனி மட்டும்
வாடகை தராமல் குடியிருந்தது.

அகலம் இருபத்தைந்தடி.
இருபுறமும் நான்கு நான்கு விடச் சொல்கிறது நகராட்சி.
மிச்சம் பதினேழு.
பதினேழடிக்குள் ஒரு குடும்பம் என்று தாளில் எழுதிவிட்டு
பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தேன்,
வின்னிபெக்கில், மார்ச் மாதத்தில்,
வண்டிக்குள், ஹீட்டர் ஓட.

பெரிய கம்பெனிகள் ஊருக்கு வெளியே போய்விட்டன.
கோதுமை வயலில்
ஒரே நாளில் நூறு வீட்டுக்குக் கோடு போடலாம்.
இங்கே ஒரு வீட்டுக்கு நூறு கையெழுத்து.
நான் வருடத்துக்கு மூன்று கட்டுகிறேன்.
நல்ல வருடமென்றால்.

"கொஞ்சம் பெரிதாகக் கட்டுங்களேன்,
கடன் சுலபம்" என்றான் வங்கியில் இருந்த பையன்.
சின்னக் கடனுக்கும் பெரிய கடனுக்கும்
அவனுக்கு அதே தாள், அதே மை,
அதே மத்தியானம்.

விசாரணைக் கூட்டம் புதன்கிழமை, பிற்பகல் இரண்டு மணி.
வாங்கப்போகிற மாரிவிக் அபெல்லானோசா
அப்போது தூங்கிக்கொண்டிருப்பாள்.
இரவெல்லாம் ஆஸ்பத்திரிப் போர்வைகளை வெளுப்பவள்.
எதிர்ப்பவர்கள் எல்லாரும் விழித்திருந்தார்கள்.

ஒருவர் கார் நிறுத்துவதைப் பற்றிப் பேசினார்.
ஒருவர் தெருவின் குணத்தைப் பற்றி.
பின்வரிசையில் யாரோ "எலி வளை" என்றார்கள்.
பழமொழியில் அது பாதிதான்.
மீதியை நான் சொல்லவில்லை.

கடைசியாக எழுந்தவர் வாசில் ஹ்ரிவ்னாக், பக்கத்து வீடு.
கையில் ஒரு பள்ளிக்கூட நோட்டு.
மே முதல் செப்டம்பர் வரை
தன் தக்காளிச் செடிகள்மேல்
வெயில் வரும் மணி, போகும் மணி.
நான்கு வருடக் கணக்கு.
"வீடு வரட்டும்.
எனக்கு இந்த மூன்று மணி நேரம் வேண்டும்."

அவரை வெறுப்பதற்குத் தயாராகப் போயிருந்தேன்.
வீணாகிவிட்டது.

அவர் பக்கத்துக் கூரையை இறக்கினேன்.
மாடியறையில் ஒரு மூலை குனிந்துகொண்டது.
"அங்கே நிமிர்ந்து நிற்க முடியாது" என்று மாரிவிக்கிடம் சொன்னேன்.
"கட்டில் போட்டுவிடுவேன். படுக்க எதற்கு நிமிர வேண்டும்?"
விலையைக் கேட்டாள். பிறகு மறுபடியும் கேட்டாள்,
ஒவ்வொரு தடவையும்
அதே எண்ணைத்தான் சொல்கிறேனா என்று பார்க்க.

அக்டோபருக்குள் தூண்களை இறக்கிவிட வேண்டும்.
உறைந்த மண் இரும்பு.
தோண்டியபோது பழைய வீட்டின் கரி வந்தது,
கூடவே ஒரு கதவுக் குமிழ்.
குமிழைப் பையில் போட்டுக்கொண்டேன்.
கரியை அள்ளிக் கொட்ட நானூறு டாலர்.
கணக்கில் ஏற்றினேன்.

துவைக்கும் இயந்திரம் எங்கே என்று கேட்டதற்கு
"என் கண்ணில் படாத இடத்தில்" என்றாள்.
படிக்கட்டுக்கு அடியில் வைத்தேன்.

ஜூலையில் போன் வந்தது. கதவு ஒட்டுகிறதாம்.
"வீட்டுக்காரரிடம் சொல்லி..." என்று தொடங்கி
நிறுத்திவிட்டாள்.
பதினோரு வருடப் பழக்கம்.
ஒழுகுகிற குழாய்க்கு, ஜனவரியில் செத்த ஹீட்டருக்கு,
யாரும் எடுக்காத ஒரு எண்.
இரண்டு முனையிலும் கொஞ்ச நேரம் பேச்சில்லை.
"வீட்டுக்காரி நீதான்" என்றேன்.
"அப்படியென்றால்," என்றாள்,
"என்ன உளி வாங்க வேண்டும்?"

நான் இழைப்புளியோடு போய்ச் சேருமுன்
வாசில் முந்திவிட்டார்.
இரண்டு நாற்காலிமேல் கதவு படுத்திருந்தது.
மாரிவிக் ஒரு முனையைப் பிடித்திருந்தாள்,
வேலைக்குப் போகும் சீருடையில், முழங்கை வரை மரத்தூள்.
வாசல் ஒரு மத்தியானம் முழுக்கத் திறந்தே கிடந்தது.

வேலியோரம் செடிகள்மேல் இன்னும் வெயில் இருந்தது.
கிழவர் கையைத் துடைத்துக்கொண்டு
நோட்டை எடுத்தார், மணி பார்த்தார், எழுதினார்.
"பன்னிரண்டு நிமிடம் குறைகிறது" என்றார்,
என்னைப் பார்க்காமல்.