நடக்கக் கூடாத தெரு

இரண்டு மணி வரை இடைவேளை என்றார் நீதிபதி.
எங்கும் போகலாம், எதையும் சாப்பிடலாம்,
வழக்கைப் பற்றிப் பேசக் கூடாது,
அந்தக் கடைப் பக்கம் தலைவைக்கக் கூடாது.

பதினோரு வருஷமாகச் சார்ல்ஸ்டனில்
பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன்.
எனக்கு இந்த ஊர் வெறும் திருப்பங்கள்:
எங்கே ஓக் கிளை தாழ்ந்து கூரையை உரசும்,
ஓதம் ஏறும் நாளில் எந்தச் சந்து முழுகும்,
எந்த வீட்டுப் பையன்
ஷூ லேஸ் கட்டாமல் ஓடி வருவான்.
கடைகளின் வாசனை
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்ததேயில்லை.

சர்ச் தெருவில் ஒரு பழைய வரைபடக் கடை.
ஊரையே சுருட்டி முந்நூறு டாலருக்கு விற்கிறார்கள்.
என் வீடு இருக்கும் இடத்தில்
சதுப்பு என்று எழுதி ஒரு நண்டு வரைந்திருந்தது.
முந்நூறு.
காலையிலிருந்து ஓர் எண்ணைச் சுமக்கிறேன்,
நானூற்றுப் பன்னிரண்டு.
எந்த விலைச் சீட்டைப் பார்த்தாலும்
மனம் தராசைத் தூக்கிவிடுகிறது:
அதற்கு மேலா, கீழா.
வெள்ளிக் கரண்டிகள் ஆறு, மேல்.
யாரோ இறந்த வீட்டின் சரவிளக்கு, ரொம்ப மேல்.
ஒரு தொப்பி, கீழ்.
தொப்பியைப் போட்டுப் பார்த்தேன், பொருந்தவில்லை.

மார்க்கெட் கொட்டகைக்குள் எள் விழ இடமில்லை.
அங்கேதான் ஆர்லீஸ் அம்மா
எள் பிஸ்கட் விற்றுக்கொண்டிருந்தாள்.
"ருசி பார்க்கக் காசில்லை, எடு."
என் மார்பில் ஒட்டியிருந்த ஜூரர் சீட்டைப் பார்த்து,
"என்ன கேஸ்?" என்றாள்.
வாய் நிறைய எள். கையை மட்டும் விரித்தேன்.
"நல்லது" என்று இன்னொன்று வைத்தாள்.
ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டேன்.

கூட்டத்துக்குப் பயந்து ஒரு சந்தில் நுழைந்தேன்.
இடப்பக்கச் சுவரில், இடுப்பு உயரத்தில்,
ஒரு செங்கல்லில் மூன்று விரல் பதிந்திருந்தது.
ஈர மண்ணைத் தூக்கிய பிள்ளை விரல்கள்.
அந்தப் பிள்ளையையும் விலைக்குத்தான் வாங்கியிருப்பார்கள்.
என் சுண்டுவிரல்கூட அதில் நுழையவில்லை.
தராசு
எதையும் சொல்லாமல் நின்றது.

சந்து முடிந்த இடத்தில் தலையை நிமிர்த்தினால்
பச்சைப் பந்தல். வளைந்த எழுத்து.
காலையில் படமாகக் கைமாறிய அதே வாசல்.
வேண்டுமென்று வரவில்லை,
பேருந்தில் வந்திருந்தால் இந்தச் சந்துக்குள் திரும்பவே முடியாது.
கண்ணை மூடிக்கொண்டேன்.
மூடிய கண்ணுக்குள் தோல் வாசனை வந்தது.
யாரோ கதவைத் திறந்தார்கள்.
டிங்.
மறுபடி, வெளியே வரும்போதும், டிங்.

"சத்தமே கேட்கவில்லை,
பையன் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது"
என்று கூண்டில் ஒருவர்
பைபிளில் கை வைத்துச் சொல்லி
மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை.
கதவில் மணி உண்டா என்று
வக்கீல்கள் யாரும் கேட்கவில்லை.

திரும்பி நடந்தேன். குதிகாலில் கொப்புளம்.
பெய்லிஃப் ஹாலோவெல் கதவைப் பிடித்து நின்றார்.
"ஊர் சுற்றினீர்களா?"
பொட்டலத்தை நீட்டினேன், இரண்டு எடுத்துக்கொண்டார்.
நீதிபதியிடம் ஒன்று சொல்ல வேண்டும் என்றேன்.

சொன்னால் அனுப்பிவிடுவார்கள்.
ஒன்பதாம் நாற்காலியில்
நீலச் சட்டை போட்ட மாற்று ஜூரர் உட்காருவார்,
நல்ல மனிதர், காலையில் எனக்குப் பேனா கொடுத்தவர்.
அவர் காதில்
மணி இருக்காது.